பால்பல் விழுந்து வருஷமாகியும் முன்பல் வரவில்லையே?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. மேல்வரிசை முன்பல் இரண்டில் வலதுபக்கம் முழுதாக முளைத்துவிட்டது. இடதுபக்கம் பால்பல் விழுந்து ஒரு வருஷம் ஆகிறது, ஈறு மொழுக்கென்றே இருக்கிறது. குன்னூரில் எக்ஸ்ரே எடுத்ததில் உள்ளே ஒரு பல் கூடுதலாக இருக்கிறதாம். ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். “கூடுதல் பல் அதிர்ஷ்டம், தானா சரியாகும்” என்கிறார் மாமியார். பொறுத்துப் பார்க்கலாமா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: பொறுத்தது போதும், அம்மா. நடு முன்பற்கள் 7, 8 வயதில் ஏறக்குறைய சேர்ந்தே வரும். ஒன்று வந்து ஆறு மாதமாகியும் ஜோடியைக் காணோம் என்றால் படம் எடுத்தே ஆகவேண்டும். அதைச் செய்துவிட்டீர்கள், நல்லது.

இப்படி உபரிப் பல் இருப்பது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு உண்டு; பையன்களுக்குத்தான் அதிகம். சாப்பாட்டாலோ விரல் சூப்பியதாலோ வந்ததல்ல. கூம்பு மாதிரி சின்னதாக இருந்தால் சில சமயம் தொந்தரவில்லாமல் கிடக்கும். பீப்பாய் மாதிரி பருத்திருந்தால் நிரந்தரப் பல்லை இறங்கவே விடாது. உங்கள் பையனுக்கு எந்த வகை என்று எக்ஸ்ரேயை வைத்தே டாக்டரிடம் கேளுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாயால் சொல்லிப் புரியாதது படத்தைப் பார்த்தால் புரிந்துவிடும்.

உபரிப் பல்லை எடுத்த மறுவாரமே முன்பல் எட்டிப் பார்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இடம் இருந்தால் பெரும்பாலும் தானாகவே இறங்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். ஒரு வருஷத்தைத் தாண்டுவதும் உண்டு. அப்படியும் வராவிட்டால் ஈறைத் திறந்து, பல்லில் மெல்லிய சங்கிலி ஒட்டி, கிளிப் போட்டு மெதுவாக இழுப்பார்கள். பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால் வேலை இரட்டிப்பு. இன்னும் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

மரத்துப்போகும் ஊசியே பல பிள்ளைகளுக்குப் போதும். பல் ஆழத்தில் இருந்தாலோ பையன் ரொம்பப் பயந்தாலோ முழு மயக்கம் கொடுப்பார்கள். அப்போது சளி, இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தேதியைத் தள்ளிவைப்பார்கள். கோவையில் செய்வதானால் அன்றைக்கே மலையேற வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வந்தால் தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசியும். மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள். அன்று முழுக்க வாய் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது.

அப்புறம், 10 வயதில், ஈறுக்குள் இருக்கும் நிரந்தரக் கோரைப்பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் ஈறின் வெளிப்புறத்தில் விரல் வைத்தால் இரண்டு பக்கமும் புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் தட்டுப்படாவிட்டால் அது அண்ணம் பக்கம் போகிறதா என்று படம் எடுப்பார்கள். அந்த வயதில் பால் கோரைப்பல்லைப் பிடுங்குவதாலேயே பலருக்குப் பாதை நேராகிவிடும்.