ஸ்பைடர்மானுக்காக பிளேஸ்டேஷனா?

"13 வயது மகன் ஸ்பைடர்மான் கேமுக்காக பிளேஸ்டேஷன் 5 கேட்கிறான். கடைக்காரரோ, 'எல்லாக் கேமும் எல்லாவற்றிலும் வரும், விலை குறைந்த எக்ஸ்பொக்ஸை எடுங்கள்' என்கிறார். யாரை நம்புவது?" – வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்.

மகனை நம்புங்கள். கால்பந்து கேம் போன்றவை எதிலும் கிடைக்கும். ஆனால் இந்த ஸ்பைடர்மான் கேமை வெளியிட்டது பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி. 2018இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்தது, 2022இல் கம்ப்யூட்டருக்கும் வந்தது; எக்ஸ்பொக்ஸ் பக்கம் தலைகாட்டவில்லை. எக்ஸ்பொக்ஸைச் செய்யும் மைக்ரோசொஃப்ட் எல்லாவற்றையும் அப்படிப் பொத்திவைப்பதில்லை. அவர்களுடைய ஃபோர்சா ஹொரைசன் 5 கார்ப்பந்தயம் 2025இல் பிளேஸ்டேஷனுக்கே வந்துவிட்டது.

இந்தக் கேம் பெட்டிகளை விற்று இந்தக் கொம்பனிகள் பெரிதாகச் சம்பாதிப்பதில்லை. 2006இல் பிளேஸ்டேஷன் 3ஐ சோனி நட்டத்துக்கே விற்றது. பெட்டி வீட்டுக்குள் வந்தபின் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு கேமிலும் அவர்களுக்குப் பங்குண்டு. ஸ்பைடர்மான் தூண்டில் புழு. ஆகவே கேம்களுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.

சரி, நான் பயப்படுவது வேறொன்றுக்கு. "ஐம்பது கேம் சும்மா போட்டுத் தருகிறோம்" என்பார்கள். அவை சோனியின் இணையக் கடையில் கடைக்காரரின் கணக்கில் வாங்கியவை, உங்களுடையவை அல்ல. தெரிந்த ஒருவர் அப்படி வாங்கினார். மூன்றாம் மாதம் கடவுச்சொல் மாறிவிட்டது, கடை ஃபோனை எடுக்கவேயில்லை. டிஸ்க் போடும் மொடலை எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை. விளையாடி முடித்த டிஸ்க்கை விற்கவும் முடியும்.

டிஸ்க்கிலும் ஒரு சிக்கல் உண்டு. சோனியின் இணையக் கடைப் பட்டியலில் இலங்கை இல்லை. வரியெல்லாம் கட்டிப் பெட்டி வாங்குகிற நாம், கணக்குத் திறக்க வேறு நாட்டவர் வேஷம் போட வேண்டியிருக்கிறது. என்ன கூத்தோ! ஒரு நாட்டைத் தேர்ந்தால் அதிலேயே நில்லுங்கள், டிஸ்க்கும் அந்தப் பக்கத்ததாகவே இருக்கட்டும். ஐரோப்பிய டிஸ்க், அமெரிக்கக் கணக்கு என்றால் கேம் ஓடும். அதே கேமுக்குப் பிறகு காசு கொடுத்து இறக்கும் மேலதிகப் பகுதிகள் பொதுவாக ஒட்டாது. திரும்பவும் சொல்கிறேன்: கேம் ஓடும், மேலதிகப் பகுதி ஓடாது. இதை டிஸ்க் பழுதென்று நினைத்துக் கடையில் சண்டை பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காசு கொடுக்குமுன் உங்கள் சொந்தக் கணக்கைப் போட்டு டிஸ்க்கை அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். பம்பலப்பிட்டியில் கடைக்கா பஞ்சம்?