அடைப்பா, உடைப்பா? பழைய கழிவுநீர்க் குழாய்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: மயிலாப்பூரில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய தனி வீட்டில் வசிக்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழிப்பறை அடைத்துக்கொள்கிறது. பிளம்பர் மூங்கில் பட்டை விட்டுக் குத்தினால் சரியாகிறது. பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. குழாய் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: திரும்பத் திரும்ப அடைப்பு வருகிறதென்றால், குழாய் எங்கோ உடைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடுவதே முறை. வீட்டின் வயதைப் பார்த்தால், மண்ணுக்கடியில் இருப்பது பழுப்பு நிறப் பளபளப்புப் பூச்சுள்ள ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாயாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குழாய் எளிதில் அரித்துப்போகாது. அதன் பலவீனம் இணைப்புகளில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று அடி நீளத் துண்டுகளைச் சணலும் சிமென்ட் கலவையும் வைத்து இணைத்திருப்பார்கள் என்பதால், 40 அடிப் பாதையிலேயே ஒரு டஜனுக்கு மேல் இணைப்புகள் வந்துவிடும். நிலம் சற்று இறங்கினாலும் சிமென்ட் விரிசல் விடும். கசியும் ஈரத்தைத் தேடி வேப்பமரத்தின் வேரோ அரசமரத்தின் வேரோ அந்த விரிசல் வழியாக நுழைந்து, உள்ளே நார்நாராகப் பிரிந்து, வருவதையெல்லாம் பிடித்து நிறுத்தும். மூங்கில் பட்டை அந்த நாரில் ஒரு துளை போடுகிறதே தவிர, வேரை அகற்றுவதில்லை.

அடுத்த முறை அடைப்பு வரும்போது, குத்துவதற்கு முன் வீட்டிலுள்ள சேம்பர்களின் (குழாய்ப் பாதையைத் திறந்து பார்ப்பதற்கான குழிகளின்) மூடிகளை வரிசையாகத் திறக்கச் சொல்லுங்கள்; திறந்தவுடன் யாரும் முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம். நிரம்பி நிற்கும் சேம்பருக்கும் அதற்கு அடுத்துக் காலியாக உள்ள சேம்பருக்கும் இடையில்தான் கோளாறு இருக்கும். தெருவை ஒட்டிய கடைசிச் சேம்பர் உட்பட எல்லாமே நிரம்பியிருந்தால், கோளாறு அதற்கும் அப்பால் இருக்கிறது. அப்போது வீட்டுக்குள் எதையும் உடைக்காமல், சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

அடைப்பை எடுத்த பின் பட்டையின் நுனியில் என்ன ஒட்டி வந்திருக்கிறது என்று பார்க்காமல் பிளம்பரை அனுப்பிவிடாதீர்கள். துணியோ நாப்கினோ வந்தால், அது நம் பழக்கத்தால் வந்த அடைப்பு. செம்பழுப்பு நிற வேர்நார் வந்தால் இணைப்பு திறந்திருக்கிறது. சேம்பரின் அடியில் மணல் படிந்திருந்தால், குழாய் உடைந்து சுற்றியுள்ள மண் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். குழாய் போகும் பாதையில் தரை உள்வாங்கியிருப்பதும், அங்கே பெருச்சாளி வளை தோண்டியிருப்பதும் இதையே காட்டும்.

பிறகு கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டிருப்பது ஓரிரு இணைப்புகள் மட்டுமென்றால் அந்த இடத்தைத் தோண்டிச் சரிசெய்தால் போதும். பல இடங்களில் வேர் நுழைந்திருந்தாலோ, குழாய் நடுவில் தொய்ந்து நீர் தேங்கியிருந்தாலோ, ஒட்டுப்போடுவது வீண்செலவு, முழுவதையும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது விலையைவிடச் சரிவில் கண்ணாக இருக்க வேண்டும். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம், 6 அங்குலக் குழாய்க்கு 60 அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம் என்பது நெடுங்காலமாகக் கையாளப்படும் கணக்கு. திருப்பம் வரும் ஒவ்வோர் இடத்திலும் சேம்பர் இருக்க வேண்டும். மண்ணை மூடுவதற்கு முன் குழாயில் நீரை நிரப்பிக் கசிவு இருக்கிறதா என்று உங்கள் கண்முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அழகுக்காகச் சேம்பர் மூடியின் மேல் டைல்ஸ் பதித்துவிடும் வழக்கம் நம் ஊரில் பரவியிருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் குளியலறை முழுவதும் சாக்கடை வாடை அடிக்கிறது. குழாய் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. தரையிலுள்ள நஹானி ட்ராப்பில் தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடை வாயுவை மறிக்கிறது. அந்த நீர் வெயிலில் வற்றியிருக்கும். ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். ஊற்றிய பிறகும் வாடை நீடித்தால் ட்ராப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: அசோக் நகரில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் இருக்கிறோம். சமையலறைத் தொட்டி அடிக்கடி அடைக்கிறது. ஆசிட் ஊற்றலாமா?

பதில்: கூடாது. ஆசிட் பழைய வார்ப்பிரும்புக் குழாயையும் சிமென்ட் இணைப்பையும் அரிக்கும். காஸ்டிக் சோடா நீருடன் சேரும்போது கிளம்பும் சூடு பிவிசி குழாயை இளக்கிவிடக்கூடும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத அறையில் அது உயிருக்கே ஆபத்தானது. இவை ஒன்றும் நேரவில்லை என்றாலும், அடைப்பு நீங்காமல் ஆசிட் குழாயிலேயே தேங்கிவிட்டால், அடுத்து வந்து குழாயைக் கழற்றும் தொழிலாளியின் முகத்தில்தான் அது தெறிக்கும்.

சமையலறைக் குழாயை அடைப்பது பெரும்பாலும் எண்ணெயும் மாவும்தான். தோசை மாவுப் பாத்திரம் கழுவிய நீரும், வடித்த கஞ்சியும், வாணலி எண்ணெயும் சூடாக இருக்கும்போது ஓடிவிடுகின்றன. சற்றுத் தள்ளிப்போய்க் குழாயின் சுவரில் படிந்து இறுகுகின்றன. தேயிலைத் தூளும் தேங்காய் நாரும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. தொட்டிக்கடியில் உள்ள ட்ராப்பைக் கழற்றிக் கழுவுங்கள். அதற்கும் அப்பால் அடைத்திருந்தால் ஸ்பிரிங் கம்பி விட்டு எடுக்கச் சொல்லுங்கள். மேல்மாடிகளுக்கும் உங்களுக்கும் பொதுவான குழாயில் அடைப்பு என்றால், அது உங்கள் வீட்டுச் செலவாகாது. சங்கம் பொதுச் செலவில் செய்ய வேண்டிய வேலை.

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளியலறை வழியாகக் கழிவுநீர் மேலே வருகிறது. என்ன செய்வது?

பதில்: தெருவிலுள்ள குழாய் நிரம்பும்போது, அதோடு இணைந்த பாதைகளில் எது தாழ்வாகத் திறந்திருக்கிறதோ அதன் வழியாகவே நீர் வெளியேறும். சென்னையில் பல தெருக்களில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதால், வீட்டுத் தரை சாலையைவிடத் தாழ்ந்துபோயிருக்கிறது. அங்கெல்லாம் தெரு மேன்ஹோல் பொங்குவதற்கு முன்பே உங்கள் குளியலறையில் நீர் வந்துவிடும். கடைசிச் சேம்பரை ஒட்டி, நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள்; மழைக்காலம் தொடங்குமுன் ஆண்டுதோறும் அதைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுக் கழிவும் வெளியேறாது என்பதால், அப்போது நீரைக் குறைவாகப் பயன்படுத்த வேண்டும்.

மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்ச் சேம்பரில் விட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள். கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தினுடையது, மழைநீர் வடிகால் மாநகராட்சியினுடையது. இரண்டும் தனித்தனி அமைப்புகள். மழையின் மொத்த வேகத்தைத் தாங்கும் அளவில் கழிவுநீர்க் குழாய் அமைக்கப்படவில்லை. மாடி நீர் மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்குப் போகட்டும். தெருவில் தேங்கிய நீர் வடிவதற்காக மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவதும் இதே தவறுதான். நீருக்கடியில் திறந்து கிடக்கும் குழி கண்ணுக்குத் தெரியாமல் நடந்து போகிறவரின் உயிரைப் பறித்துவிடும்.

கேள்வி: திருவல்லிக்கேணியில் குறுகிய சந்தில் எங்கள் வீடு. சில நாட்களாகக் குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை. காய்ச்சிக் குடித்தால் போதுமா?

பதில்: போதாது. குடிக்கவும் சமைக்கவும் அந்த நீரை உடனே நிறுத்துங்கள். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் இந்த வாடையைப் பற்றியும் சொல்லுங்கள். நெருக்கமான சந்துகளில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே போகின்றன. இரண்டும் பழுதாகியிருந்தால், நீர் விநியோகம் நின்று அழுத்தம் குறையும் நேரத்தில், கசிந்து தேங்கிய கழிவு துருப்பிடித்த குடிநீர்க் குழாய்க்குள் இழுக்கப்படுகிறது. குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது இந்த ஆபத்தைப் பல மடங்கு கூட்டும்.

தெருக் குழாயிலிருந்து நேராக வரும் நீரை ஒரு பாட்டிலிலும், சம்ப்பிலிருந்து (தரைக்கடித் தொட்டியிலிருந்து) எடுத்த நீரை இன்னொரு பாட்டிலிலும் பிடித்து முகர்ந்து பாருங்கள். முதலாவதிலேயே வாடை இருந்தால் உடனே 1916-க்கு அழைத்து, நீரைப் பரிசோதிக்கவும் கேளுங்கள். இரண்டாவதில் மட்டும் இருந்தால், சம்ப்பின் சுவரில் விரிசல் விழுந்து அருகிலுள்ள சேம்பரிலிருந்து கழிவு இறங்குகிறது. சேம்பரையும் குழாயையும் சரிசெய்த பிறகுதான் சம்ப்பைக் காலிசெய்து, பூசி, பிளீச்சிங் பவுடர் கொண்டு கழுவ வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் பயனில்லை.

கேள்வி: பல்லாவரம் பக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லை. செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. உள்ளே இறங்கிச் சுத்தம் செய்ய ஆள் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். எவ்வளவு அவசரமானாலும், இறங்குபவரே சம்மதித்தாலும், அது நடக்கக் கூடாது. டேங்க்கில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடும்போது மூக்கு அந்த வாடையை உணரும் திறனை இழந்துவிடும், வாயு போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் பின்னால் இறங்குபவரும் அங்கேயே இறந்துபோவது நம் மாநிலத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்க்கிலோ சாக்கடையிலோ இறக்குவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

14420 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தால் உறிஞ்சும் லாரிக்கு ஏற்பாடு செய்ய உதவுவார்கள். லாரி வரும் நாளில் மூடியைச் சற்று முன்பே திறந்து காற்றாட விடுங்கள். குழந்தைகளை அப்பக்கம் விடாதீர்கள், அருகில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. இனி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, டேங்க் வழியும்வரை காத்திராமல், லாரியை வரவழையுங்கள்.