ஒரே வீட்டில் அண்ணனுக்குத் தடிமனோடு போன கொரோனா, தம்பியை ஒட்சிசனில் போட்டது ஏன்? பரம்பரையா?

பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் வயது, நீரிழிவு, உடற்பருமன் ஆகியவற்றின் பங்குதான் பெரும்பாலும் பெரிது.

வைரஸ் நுழைந்ததும் கலங்கள் முதலில் சுரப்பது இன்டர்பெரோன் என்ற, வைரஸைத் தடுக்கும் புரதம். அது பிந்தினால் வைரஸ் பெருகிவிடும். பிறகு எழும் அழற்சிதான் சுவாசப்பையைக் கெடுக்கும். வைரஸை அடையாளம் காணும் ரிஎல்ஆர்7 (TLR7) என்ற பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆண்களுக்கு அதில் ஒரு பிரதிதான். பழுதானால் மாற்று இல்லை, இன்டர்பெரோன் பிந்தும். 2020இல் நெதர்லாந்தில் முன்பு எந்த வருத்தமும் இல்லாத இளம் சகோதரர்கள் இரண்டு சோடி கடும் கொரோனாவுக்கு ஆளானபோது இந்தப் பழுதுதான் தெரியவந்தது. தாயிடம் அது இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் கடத்தப்பட 50% வாய்ப்பு. அண்ணன் தப்பித் தம்பி மாட்டுவது அப்படியும் இருக்கலாம். அதனால் தாய்மாமன்மாரையும் விசாரியுங்கள்.

இது அரிது. பரவலானது 3ஆம் நிறமூர்த்தத்தில் நியண்டர்தால் என்ற, அழிந்துபோன பழைய மனித இனத்திடமிருந்து வந்த டிஎன்ஏ துண்டு. தெற்காசியரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் குறைந்தது ஒரு பிரதி உண்டு. அது ஆபத்தை ஓரளவு கூட்டும், விதியைத் தீர்மானிக்காது. அதற்காகச் சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

ஆனால் 50 வயதுக்குட்பட்ட, வேறு நோயில்லாத இருவர் ஒரே குடும்பத்தில் கடும் நியூமோனியாவுக்கு ஆளாகியிருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சொந்தத்துக்குள் கலியாணம் செய்த பெற்றோர் என்றால் அதையும் சொல்லுங்கள். இரு பிரதியும் பழுதானால் மட்டும் வரும் குறைகளும் உண்டு.

முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்து உட்கிராமங்களில் இருப்பவர்கள் இரத்த ஒட்சிசன் அளவு 94%க்குக் கீழே இறங்கினால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாகனம் பிடியுங்கள்.