ஜனவரியில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

தம்பி, ஆங்கிலேயர் ஒருவர் பிரெஞ்சுக் கிராமத்தில் குடியேறி எழுதிய நினைவுக்குறிப்பைப் படித்துவிட்டு, பிரான்சின் நடுப்பகுதியில், லிமூசேன் பக்கம் க்ரேஸ் மாவட்டத்தில் ஒரு பழைய கல் வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். பாரிஸ் விலைக்கு இது ஒன்றுமே இல்லையே, வாங்கலாமா, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

வாங்கலாம். ஆனால் அந்த வகைப் புத்தகங்களில் வருவது பெரும்பாலும் கோடைக்காலம்: முற்றத்துச் சாப்பாடு, சந்தை, வெயில். வீட்டின் உண்மையான செலவு மண்ணுக்கு அடியிலும் சுவருக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. ஜூலையில் பார்த்த வீட்டை ஜனவரியில், மழை விட்ட மறுநாள் இன்னொருமுறை பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கழிவுநீர். தள்ளியிருக்கும் வீடுகளுக்குப் பொதுச் சாக்கடை இருக்காது. தோட்டத்தில் ஃபோஸ் எனப்படும் தொட்டிதான். அதைச் சோதிக்கும் உள்ளாட்சிப் பிரிவுக்கு ஸ்பாங்க் என்று பெயர். விற்பவர் மூன்று ஆண்டுக்கு உட்பட்ட ஸ்பாங்க் அறிக்கையைக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் 'நோன் கொன்ஃபோர்ம்', அதாவது விதிக்குப் பொருந்தவில்லை, என்று இருந்தால், வாங்கிய ஓராண்டுக்குள் சரிசெய்யும் பொறுப்பு உங்கள் தலையில் வரும். புதிதாகப் போட 10,000 யூரோ வரை, மண் மோசமென்றால் அதற்கு மேலும் ஆகும். ஆகவே முன்கூட்டியே ஒரு மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை வீட்டு விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் அடிக்கடி காணும் குறை இது: கழிப்பறை மட்டும் தொட்டிக்குப் போகும், சமையலறைத் தண்ணீர் நேரே வாய்க்காலில் விழும். இப்போதைய விதிப்படி வீட்டின் எல்லாக் கழிவுநீரும் ஒரே தொட்டிக்குப் போக வேண்டும். படுக்கையறை, கூடம் போன்ற முதன்மை அறைகள் ஐந்து வரைக்கும் தொட்டியின் கொள்ளளவு குறைந்தது 3 கன மீட்டர். தொட்டியிலிருந்து வரும் நீர் மண்ணில் ஊற வேண்டும். கருங்கல் பாறை மேலாகவே இருக்கும் நிலத்தில் அது ஊறாது. மணல் வடிகட்டி கட்ட வேண்டியிருக்கும், செலவு ஏறுவது அங்கேதான்.

சேறு பாதி அளவுக்கு ஏறியதும் லாரி வைத்து இறைக்க வேண்டும். இறைத்த அன்றே தண்ணீர் நிரப்பிவிடுங்கள். வெறுந்தொட்டியை நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடும், குழாய் இணைப்புகள் முறியும். நம் சமையலில் மிஞ்சும் பொரித்த எண்ணெயைத் தொட்டியில் விடவே கூடாது. போத்தலில் சேர்த்துக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள்.

அடுத்தது சுவர். அரை மீட்டருக்கும் மேல் தடித்த கருங்கல் சுவர், களிமண்ணும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியது. மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை அது வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். யாராவது இடையில் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, அறைப்பக்கம் உப்புப் பூத்து, பூச்சு உதிரும். சிமென்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசுவதுதான் வழி. 5 டிகிரிக்குக் கீழே சுண்ணாம்பு சரியாக இறுகாது. ஏப்ரல் முதல் அக்டோபருக்குள் வேலையை முடிக்கப் பாருங்கள். ஈரத்தை வடிக்க வெளியே பள்ளம் தோண்டுகிறவர்கள் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விடக் கூடாது, சுவரே சாய்ந்துவிடும். இன்னொன்று, இந்தக் கருங்கல் நிலத்திலிருந்து ராடான் என்ற கதிரியக்க வாயு கசியும். குளிர்காலத்தில் இரண்டு மாதம் ஓர் அளவி வைத்துப் பாருங்கள். கன மீட்டருக்கு 300 பெக்கெரலை (கதிரியக்க அலகு) தாண்டினால் நிலவறைக்குக் காற்றோட்டம் செய்து, தரை விரிசல்களை அடைக்க வேண்டும்.

பத்திரம் பற்றிப் பயப்பட வேண்டாம். பத்திரம் முடிக்கும் சட்ட அதிகாரியான நொத்தேரும், ஊர் நிர்வாக அலுவலகமான மேரியும் புதுச்சேரிக்காரரான உங்களுக்குப் புதிய சொற்களா என்ன! முதலில் கொம்ப்ரோமி என்ற முன்ஒப்பந்தம், 5 முதல் 10 சதவீதம் முன்பணம். அது நொத்தேரின் கணக்கில் இருக்கட்டும், விற்பவர் கையில் வேண்டாம். ஒப்பந்தம் உங்களுக்குக் கிடைத்த மறுநாளிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அதற்குப் பிறகு நிபந்தனை எழுதியிருந்தால்தான் முன்பணம் திரும்பும். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால், கழிவுநீர்ச் செலவு இத்தனைக்கு மேல் போனால் என்று எழுத்தில் போடச் சொல்லுங்கள். விற்பவரின் நொத்தேர் போதும் என்பார்கள். உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள், கூடுதலாக ஒரு காசும் இல்லை. வரியும் கட்டணமுமாகப் பழைய வீட்டுக்கு 7, 8 சதவீதம் ஆகும். வயலும் சேர்ந்து வந்தால் சாஃபேர் என்ற வேளாண் நில அமைப்புக்கு முன்னுரிமை உண்டு. அதன் பதிலுக்கு இரண்டு மாதம் வரை காத்திருக்க நேரும்.

ஜன்னலின் தோற்றத்தை மாற்றக்கூட மேரியில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சின்ன ஊர் மேரி வாரத்தில் சில அரைநாள்தான் திறந்திருக்கும், நேரம் பார்த்துப் போங்கள். நுழைந்ததும் முதல் வார்த்தை 'போன்ழூர்' (வணக்கம்) ஆக இருக்கட்டும், விஷயம் அப்புறம்.

விறகில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கணக்கு ஸ்தேர் என்ற விறகு அளவில்: ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை அடுக்கினால் 1 கன மீட்டர். அதே ஒரு ஸ்தேரை 50 செ.மீ. துண்டுகளாக வெட்டி அடுக்கினால் 0.8, 33 செ.மீ. என்றால் 0.7 கன மீட்டர்தான் வரும். இடைவெளி குறைவதால் அப்படி, குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். பார்க்க வேண்டியது ஈரம். கட்டையைப் பிளந்து நடுவில் ஈரமானியைக் குத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகின் புகை புகைபோக்கிக்குள் தார்போலப் படிந்து பிறகு தீப்பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கி துடைத்துச் சான்றிதழை எடுத்து வையுங்கள், காப்பீட்டுக்காரர் கேட்பார். ஓக் காய இரண்டு ஆண்டு ஆகும். சாவி கைக்கு வந்த வாரமே இந்தக் குளிருக்குக் காய்ந்த விறகும், மூன்றாம் குளிருக்குப் பச்சை விறகும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பச்சை விறகு விலை குறைவு. மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.