காட்டுக் குடிலும் வெந்நீர்த் தொட்டியும்: முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் கிழக்கு லண்டனில் வசிக்கிறோம். அக்டோபர் இறுதியில் வரும் பள்ளி விடுமுறையில், க்ளோஸ்டர்ஷயரில் உள்ள ஃபாரஸ்ட் ஆஃப் டீன் காட்டுப் பகுதியில் இரண்டு இரவுகள் கிளாம்பிங் (வசதிகளோடு கூடிய முகாம் தங்கல்) போக எண்ணியிருக்கிறோம். பார்த்த இடங்களில் எல்லாம் வெளியே விறகு எரித்துச் சூடாக்கும் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. நான் நான்கு மாதக் கர்ப்பிணி. மகனுக்கு 6 வயது. திருச்சியிலிருந்து வந்திருக்கும் அத்தைக்கு (என் மாமியார்) 67 வயது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுத்துக்கொள்கிறார். துணிக் கூடாரம் எடுப்பதா, மரக் குடில் எடுப்பதா? தொட்டியில் யார் யார் இறங்கலாம்?

பதில்: உங்கள் குடும்பத்துக்கு மரக் குடில்தான் ஏற்றது. தொட்டியைப் பொறுத்தவரை, உங்கள் கணவர் தாராளமாக இறங்கலாம். மகன் சிறிது நேரம் மட்டும் இறங்கலாம். அத்தை தம்முடைய மருத்துவர் சம்மதித்தால் மட்டுமே இறங்க வேண்டும். நீங்கள் இந்த முறை தவிர்த்துவிடுவது நல்லது. நால்வரில் ஒருவருக்கு மட்டுமே முழுமையாகப் பயன்படப்போகும் ஒன்றை அளவுகோலாக வைத்து இடம் தேடுவது சரியாகாது. மழை பெய்தாலும் உட்கார்ந்து காட்டைப் பார்க்கக்கூடிய கூரையிட்ட திண்ணை, குடிலுக்குள்ளேயே கழிப்பறை, நல்ல வெப்ப வசதி ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

விளம்பரப் படங்களில் தெரியாத ஒன்று, தொட்டி சூடாக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது. ஏறக்குறைய 1,500 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டியில் 10 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீரை 38 டிகிரிக்குக் கொண்டுவர, கணக்குப்படி சுமார் 49 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். நன்கு உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 கிலோவாட் மணி தரும். அதில் ஒரு பகுதி புகைபோக்கி வழியாகவும் தொட்டியின் பக்கங்கள் வழியாகவும் வீணாகும் என்பதால், 20 கிலோ விறகும் மூன்று நான்கு மணி நேரமும் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். மாலை 4 மணிக்குத்தான் குடிலின் சாவி கைக்கு வரும் என்றால், அதன்பின் நெருப்பு மூட்டினால் இரவு 7 அல்லது 8 மணிக்கு முன் யாரும் இறங்க முடியாது. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. அதன்பின் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆகவே, நீங்கள் வந்து சேர்வதற்கு முன்பே உரிமையாளர் அடுப்பை மூட்டி வைப்பாரா, எவ்வளவு விறகு கட்டணத்தில் அடங்கும், கூடுதல் விறகுக்கு என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு இரவுப் பயணத்தில் ஒரு மாலை அடுப்பூதுவதிலேயே கழிந்துவிடக் கூடாது அல்லவா?

விறகுத் தொட்டிகளில் பெரும்பாலும் வெப்பத்தைத் தானாக நிறுத்தும் கருவி இருப்பதில்லை. நெருப்பு அணைந்த பிறகும் தணல் நீரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். மேல்நீர் கொதிப்பாகவும் அடிநீர் குளிர்ந்தும் இருக்கும். துடுப்பால் நன்றாகக் கலக்கிய பிறகே வெப்பமானியை நம்ப வேண்டும். 36 டிகிரி வந்ததும் விறகு போடுவதை நிறுத்துங்கள். 40 டிகிரியைத் தாண்டினால் யாரும் இறங்க வேண்டாம், குழாயில் குளிர்நீர் விட்டு ஆற்றுங்கள். அடுப்பு தொட்டிக்குள்ளேயே அமைந்த வகையாக இருந்தால், நீர் அடுப்பை மூடும் அளவுக்கு நிரம்பாமல் நெருப்பு மூட்டவே கூடாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: தண்ணீரின் தூய்மை. லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் 20 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரில் பெருகும். வெந்நீர்த் தொட்டியின் வெப்பம் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. நீரைக் குடிப்பதைவிட, அதிலிருந்து எழும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதே ஆபத்து. நுரையீரலில் கடுமையான அழற்சி உண்டாகும். 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த ஒரு மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்திருந்த குமிழித் தொட்டியிலிருந்து இந்நோய் பரவி, குறைந்தது 32 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் தொட்டியில் இறங்கியவர்கள் அல்லர். அந்த வழியாக நடந்தவர்கள். எனவே, ‘அத்தை இறங்க மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்’ என்பதும் தண்ணீர் சுத்தமாக இருந்தால்தான் பாதுகாப்பு. முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்த நோயின் அபாயம் கூடுதல்.

பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையமான ஹெச்எஸ்இ 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாடகைக் குடில்களின் தொட்டிகளையும் வணிகப் பயன்பாட்டுத் தொட்டிகளாகவே கருதுகிறது. உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு விருந்தினர் போன பிறகும் நீரை முழுவதும் வடித்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புது நீர் நிரப்புகிறாரா, குளோரினா புரோமினா, எதைச் சேர்க்கிறார், அளந்து பார்த்த பதிவேடு உண்டா? குளோரின் எனில், லிட்டருக்கு 3 முதல் 5 மில்லிகிராம் இருக்க வேண்டும். ‘எங்களுடையது ஊற்று நீர், மருந்தே கலப்பதில்லை’ என்று பெருமையாகச் சொன்னால், அந்த இடத்தை விட்டுவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் கையை விட்டுப் பாருங்கள்: பக்கங்கள் வழுவழுவென்று இருந்தாலும், நீர் கலங்கியிருந்தாலும், குளோரின் நெடி மூக்கைத் துளைத்தாலும் இறங்க வேண்டாம். நெடி அதிகமாக இருந்தால் நீர் மிகவும் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குளோரின், வியர்வையோடும் அழுக்கோடும் சேர்ந்து செயலிழந்ததன் அறிகுறி அது.

நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை. தீபாவளியை ஒட்டிய நாட்கள் என்பதால், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அந்த வெந்நீரில் இறங்கலாமே என்ற ஆசை வரக்கூடும். எண்ணெய், மஞ்சள், உடலில் பூசும் களிம்பு எல்லாம் கிருமிநாசினியின் வேலையைக் கெடுத்து, தொட்டிச் சுவரில் கிருமிகள் ஒட்டி வளர இடம் தரும். குடிலில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குவதே முறை. வெள்ளிக் கொலுசைக் கழற்றி வையுங்கள்; கறுத்துவிடும்.

கர்ப்ப காலத்தில் வெந்நீர்த் தொட்டியையும் சவுனா என்ற வெப்ப அறையையும் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், உடலின் உள்வெப்பம் ஏறுவதும், நீரிழப்பும், மயக்கமும்தான். முதல் மூன்று மாதங்கள் கடந்துவிட்டாலும் மயங்கி விழும் அபாயம் இருக்கவே செய்கிறது. வழுக்கும் மரப்படிகளில் அது சிறிய விஷயமல்ல. உங்கள் மகனுக்கு 6 வயது என்பதால் அனுமதிக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் இறங்கவே கூடாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. ஆனால் சிறுவர்களின் உடல் விரைவில் சூடேறும். ஆகவே நீர் 36 டிகிரிக்கு மேற்படாமல், ஐந்து பத்து நிமிடங்கள், கணவரின் கைக்கெட்டும் தூரத்தில். அத்தைக்கு மருத்துவர் சம்மதித்தாலும், இரத்த அழுத்த மாத்திரை எடுத்தவுடன் இறங்கக் கூடாது. வெந்நீரில் இரத்தக் குழாய்கள் விரிவதால், எழும்போது அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும். சர்க்கரையால் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடக்கூடும். நீரை வேறொருவர் முழங்கையால் சோதிக்கட்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால், வெப்பத்தில் அது வேகமாக உடலில் ஏறிச் சர்க்கரையைத் தாழ்த்தும் என்பதையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

துணிக் கூடாரம் கோடைக்கு அழகானது. அக்டோபர் இறுதியில் விறகு அடுப்பு அணைந்ததும் உள்ளே குளிர் இறங்கிவிடும். விடியற்காலையில் துணியின் உட்புறம் ஈரம் பூத்திருக்கும். கழிப்பறை பெரும்பாலும் வெளியே, இருட்டில், சேற்றுப் பாதையில். இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டிய இருவரோடு போகிறவர்களுக்கு அது ஓய்வாகாது. எந்தக் குடிலானாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று பார்த்து, பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். அணைந்ததுபோல் தோன்றும் கரி அடுப்பைக்கூடக் குளிருக்காக உள்ளே கொண்டுவரக் கூடாது; நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

காட்டைப் பற்றிச் சுருக்கமாக: ஃபாரஸ்ட் ஆஃப் டீனில் காட்டுப்பன்றிகள் சுதந்திரமாகத் திரிகின்றன; மீந்த உணவை வெளியே வைக்காதீர்கள், குட்டிகளோடு கண்டால் விலகிப் போங்கள். புல்வெளியில் நடந்து வந்த பிறகு, மகனின் முழங்கால் மடிப்பிலும் காதின் பின்புறத்திலும் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து விறகு கொண்டுபோக வேண்டாம். மர நோய்கள் அப்படித்தான் பரவுகின்றன.

திரும்பி வந்த இரண்டு வாரங்களுக்குள் யாருக்காவது காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால், சாதாரணச் சளி என்று விட்டுவிடாமல், வெந்நீர்த் தொட்டியில் இறங்கியதையோ அதன் அருகில் இருந்ததையோ மருத்துவரிடம் தாமாகவே சொல்லுங்கள். உண்ணி கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினால், அது பல வாரங்கள் கழித்துத் தோன்றினாலும், லைம் நோய்க்கான சிகிச்சை உடனே தேவைப்படும்.