சட்டி பானைக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் விர்ஜீனியாவில் வேலை பார்க்கிறேன். மனைவி அமெரிக்கர். அவருடைய அம்மா வழி முன்னோர் 1600-களிலேயே நார்த்தாம்ப்டன் கவுண்டியில் குடியேறியவர்கள். மகனின் பள்ளி வேலைக்காக வம்சாவளி தேடப் போய், இப்போது எனக்கே பித்துப் பிடித்துவிட்டது. ஈஸ்ட்வில்லில் கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் ஒரு முன்னோரின் உயில் நகல் கிடைத்தது. மூத்த மகனுக்கு ஒரே ஒரு ஷில்லிங்தான் எழுதியிருக்கிறார். 'என் இப்போதைய மனைவி' என்கிறார், அப்படியானால் முதல் மனைவி யார்? உயில் எழுதியது 1697 டிசம்பர், கோர்ட் ஏற்றது 1697 பிப்ரவரி என்று இருக்கிறது. செத்த பிறகு எழுதினாரா? உயிலுக்குப் பின்னால் இரண்டு பக்கம் வெறும் சட்டி பானைக் கணக்கு, அதைப் படமெடுக்கவில்லை. பெற்ற மகனை ஏன் இப்படி வெறுத்தார்? நம்மவர்கள் ஏன் இதுபோல எதையும் எழுதி வைக்கவில்லை?

ர.


அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். இந்தப் பெருமூச்சு மாதம் நாலு கடிதத்தில் வருகிறது. எழுதி வைத்தவர்கள் என்னத்தை எழுதினார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் ஏங்கலாம்.

தேதியில் தப்பில்லை. இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் 1752 வரை வருஷம் பிறந்தது மார்ச் 25-ல். 1697 டிசம்பருக்குப் பின் வருவதுதான் 1697 பிப்ரவரி. நம் கணக்கில் அது 1698. மனிதர் உயில் எழுதி மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறார். 'இப்போதைய மனைவி' என்பது வக்கீல் பாஷை. நாளைக்கே இவள் இறந்து வேறொருத்தி வந்தால் அவளுக்குப் போகக்கூடாது என்பதற்காகப் போடுவது. அதை வைத்து முதல் மனைவியைத் தேடிக் கிளம்பாதீர்கள். ஷில்லிங்கும் வெறுப்பாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் மூத்தவனுக்குக் கல்யாணத்தின்போதே நிலம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். 'என்னை மறந்துவிட்டார்' என்று பின்னால் வழக்குப் போடாமலிருக்கத்தான் அந்த ஒரு ஷில்லிங். நிலப் பத்திரப் புத்தகங்களைப் புரட்டுங்கள், பையன் அங்கே இருப்பான். உயிலே இல்லாவிட்டால் நிலம் சட்டப்படி மூத்தவனுக்குத்தான். விர்ஜீனியா அந்தச் சட்டத்தை ஒழித்தது 1785-ல். அதுவரை நிலம் தானாகவே மூத்தவனுக்குப் போனதால், சில உயில்களில் அவன் பெயரே வராது.

சரி, உங்கள் கேள்விகள் முடிந்தன. என் தூக்கத்தைக் கெடுத்தது நீங்கள் படமெடுக்காத அந்த இரண்டு பக்கம்.

வெறும் சட்டி பானைக் கணக்கா? யார் சொன்னது? ஊர் விட்டு ஊர் போய், 1632 முதல் விடாமல் தொடரும் கோர்ட் ஆவணங்கள் உள்ள கவுண்டியில், அமெரிக்காவிலேயே இவ்வளவு பழைய தொடர்ச்சி வேறெங்கும் இல்லை, அங்கே நின்றுகொண்டு, கையிலே போனையும் வைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்குள் உங்களை அழைத்துப் போகும் ஒரே தாளை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். உயிலில் இருப்பது ஒரு மனிதர் தன் கடைசிக் காலத்தில் சொல்ல விரும்பியது. நீங்கள் விட்டுவந்தது ஜாபிதா, இறந்தவர் வீட்டுச் சாமான் பட்டியல். அது அப்படியல்ல. கோர்ட் நியமித்த மூன்று நான்கு அக்கம்பக்கத்துக்காரர்கள் சத்தியம் செய்துவிட்டு, அறை அறையாக நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி விலை போட்டது. விலை பல சமயம் பணத்தில்கூட இல்லை, இத்தனை பவுண்டு புகையிலை என்று இருக்கும். இறகு மெத்தைக்கு நல்ல விலை. ஓட்டை விழுந்த இரும்புப் பானைக்கும் ஒரு விலை. நாற்காலி என்ற சொல்லே வராத பட்டியல்கள் உண்டு. பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள், உங்கள் மகனின் பெருமைக்குரிய குடியேறிகள்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நானே ஒரு ஜாபிதா எழுதியவன்.

பெரியப்பா இறந்தபோது நான் பதினொன்றாம் வகுப்பு. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை உட்கார வைத்தார்கள். எண்பது பக்க நோட்டு. சித்தப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். பித்தளைத் தவலை இரண்டு, உரல் ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று. ஒரு செப்பு அண்டா வந்தது. பெரியம்மா உள்ளிருந்து, "அது எங்கம்மா வீட்டுச் சீர்டா, எழுதாதே" என்றாள். அண்டாவின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது, அவள் அம்மா பெயர். சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், "எல்லாம் அண்ணன் வீட்டுச் சொத்துதான். நீ எழுதுடா" என்றார். எழுதினேன். மறுநாள் காலை அந்த அண்டா புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கூடத்தில் இருந்தது. பெரியம்மாதான் தேய்த்து வைத்திருந்தாள். யார் எடுத்துப் போனார்கள் என்பது எனக்கு நினைவில்லை. நோட்டில் இருந்தது என் கையெழுத்து.

பல வருஷம் கழித்து, மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது விர்ஜீனியா ஜாபிதாக்களைப் பார்த்தேன். அங்கேயும் அதே சித்தப்பாதான் இருந்தார். அந்தக் காலச் சட்டப்படி, பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் அவள் கொண்டுவந்த பெட்டி, மெத்தை, பாத்திரம் எல்லாம் புருஷன் சொத்து. அவன் செத்ததும் அவள் பிறந்த வீட்டு மெத்தைக்கு அண்டை வீட்டுக்காரன் விலை போடுகிறான். புருஷனோ அதே மெத்தையை 'என் அன்பு மனைவிக்கு' என்று உயிலில் எழுதிவைத்துப் புண்ணியம் கட்டிக்கொண்டிருப்பான். நீங்கள் உயிலை மட்டும் படித்தால் அன்புதான் தெரியும்.

ஜாபிதாவில் இன்னும் கீழே வாருங்கள். மாடு, பன்றி, அதற்கடுத்து 'மூன்று வருஷம் பாக்கியுள்ள வேலைக்காரப் பையன்', இத்தனை பவுண்டு புகையிலை. கப்பல் கூலிக்கு ஈடாக நாலு முதல் ஏழு வருஷம் உழைக்க எழுதிக் கொடுத்து வந்தவன். விர்ஜீனியாக் கரைக்கு அந்த நூற்றாண்டில் வந்த வெள்ளையர்களில் பெரும்பாலோர் இப்படி வந்தவர்களே. உங்கள் மனைவியின் முன்னோரும் வேறொருவர் ஜாபிதாவில் ஒரு வரியாக இருந்திருக்கலாம். அதையும் தேடுங்கள்.

அதற்கும் கீழே, குடும்பப் பெயர் இல்லாத பெயர்கள் இருக்கலாம். 1662-ல் விர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. அதற்குப் பிந்தைய உயில்களில் 'இந்தப் பெண்ணும் இவள் வருங்காலப் பெருக்கமும் என் மகளுக்கு' என்று எழுதுவார்கள். பெருக்கம்! எங்கள் ஊரில் மாட்டுக்கு ஈற்று என்பார்கள். பிறக்காத பிள்ளைக்கு வாரிசு நியமித்திருக்கிறார்கள், ர. அந்தப் பெண்ணின் கொள்ளுப்பேரன் பேத்திகள் இன்று தங்கள் வேரைத் தேடினால், அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே தடயம் உங்கள் மாமியார் வழி ஜாபிதாதான். அதைத்தான் நீங்கள் சட்டி பானை என்று விட்டுவிட்டு வந்தீர்கள்.

எல்லாம் ஒரே நிறமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே நார்த்தாம்ப்டனில் அந்தோணி ஜான்சன் என்று ஒருவர் இருந்தார். 1621-ல் 'நீக்ரோ அந்தோனியோ' என்ற ஒற்றை வரியாக வந்து இறங்கியவர், விடுதலை பெற்று 1651-ல் 250 ஏக்கருக்குச் சொந்தக்காரர் ஆனார். ஜான் கேசர் என்ற கறுப்பரைத் தன் ஆயுள் அடிமை என்று 1655-ல் கோர்ட்டில் வாதாடி ஜெயித்தவரும் இவர்தான். பின்னர் குடும்பத்தோடு மேரிலாண்டுக்குப் போய்விட்டார். அவர் செத்த பிறகு, 1670-ல், அவர் நீக்ரோ, ஆகவே அந்நியர், அவர் விட்டுப்போன நிலம் அரசுக்கே என்று விர்ஜீனியா ஜூரி சொல்லிவிட்டது. மனைவி மேரி 1672-ல் உயில் எழுதினாள். பேரன்களுக்கு ஆளுக்கொரு பசு. எனக்குத் தெரிந்த உயில்களில் அந்தப் பசுக்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே ஒரு வார நாளில் லீவு போட்டுவிட்டு மறுபடி ஈஸ்ட்வில் போங்கள். மகனையும் கூட்டிப் போங்கள், அவன் வாய்விட்டுப் படிக்கட்டும். இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படமெடுங்கள். வலது ஓரத்தை வெட்டிவிடாதீர்கள், விலை அங்கேதான் எழுதியிருக்கும்.