பாஸ் ட்ராம்போனில் (தாழ்ந்த சுரம் தரும் பெரிய பித்தளை ஊதுகருவி) ஷில்கே 60 மவுத்பீஸை மாட்டியதும் மேல் சுரம் ஏன் தளர்கிறது?

கோளாறு உதட்டில் இல்லை, மவுத்பீஸின் (உதடு வைத்து ஊதும் பகுதியின்) அகலத்தில். பழைய 6½ஏஎல் மவுத்பீஸின் உள்விட்டம் சுமார் 25.4 மி.மீ., ஷில்கே 60 சுமார் 29. ஒரே தாவல்! கீழ்ச் சுரம் கோயில் மணி மாதிரி விரியும். ஆனால் அந்த ஆழமான கப் (மவுத்பீஸின் உட்குழி) காற்றைக் குடித்துவிடும், மேலே போனால் உதடு தாங்காது. வில்லியனூர் மாதா ஊர்வலத்தில் பெரியதை மாட்டிப்போய் இரண்டாவது தெருவிலேயே எனக்கு உதடு செத்துப்போச்சு.

இடைப்பட்ட அளவான பாக் 1½ஜி மவுத்பீஸை (சுமார் 27 மி.மீ.) இரவல் வாங்கிப் பாருங்கள். நடு எஃப் சுரத்தை மெதுவாக நீட்டி, நடுங்காமல் எத்தனை நொடி நிற்கிறது என்று இரண்டிலும் எண்ணுங்கள். 1½ஜி-யில் கூடுதலாக நின்றால் விடை அதுதான்.

வாங்கும்போது ஷாங்க் (கருவிக்குள் செருகும் அடிக்குழாய்) பெரியதுதானா என்று பாருங்கள். சின்னது பாஸ் ட்ராம்போனில் லொடலொடவென்று ஆடும்.